என் காருக்கு மட்டும் போடாத பாலீஷ்

வெள்ளிக்கிழமை காலை வாடகைக் கார் ஸ்டாண்டில் என் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் மாரியப்பன் வந்து பக்கத்தில் நின்றான். வந்ததும் பீடி கேட்கிறவன் அன்று கேட்கவில்லை. "நாயகம் அண்ணாச்சி, சாமுவேல் அண்ணாச்சி போயிட்டாரு. காலையில பல்லு வெளக்குகையில நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்தவருதானாம்" என்றான். "எந்த சாமுவேல்?" என்று கேட்டேன். சங்கரன்கோவிலில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு சாமுவேல்தான். மாரியப்பன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நான் மறுபடியும் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்த கண்ணாடியையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அவர் நினைவாக நம் ஸ்டாண்டு சார்பில் அச்சடிக்கும் இந்தச் சின்னப் புத்தகத்துக்கு நான்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நமக்குள் மனு எழுதித் தருகிறவன் நான் என்பதால் என் தலையில் கட்டிவிட்டீர்கள். அவரும் நானும் இரண்டு வருஷமாக முகம் பார்த்துப் பேசியதில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் என் மேல் கோபத்தோடு போனாரா, இல்லையா? இந்த ஒரு கேள்வி என்னைச் சாப்பிட விடமாட்டேன் என்கிறது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை நம்புவது என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுமா என்று பார்க்கிறேன்.

அவர் கார்களுக்குப் பாலீஷ் போடுகிற விதம் பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையம் ரோட்டில் அவருடைய தகர ஷெட்டுக்குள் வண்டி நுழைந்ததும் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுவார். இடுப்பில் பெல்ட் கிடையாது, கைலிதான். பெயின்ட்டில் கீறல் விழும் என்று எங்கள் சாவிக்கொத்தைக்கூட வெளியே வைக்கச் சொல்வார். ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் பெல்ட்டும் பக்கிளுமாக வந்து, பாலீஷ் போட்ட கதவில் சாய்ந்துவிட்டார். "ஐயா, ஒண்ணு பெல்ட்டைக் கழத்துங்க, இல்லன்னா தள்ளி நில்லுங்க" என்றார் அண்ணாச்சி. அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

தறிக்காரர்களிடம் நூல் வேஸ்ட் வாங்குவார். சோடா உப்புப் போட்டு அவித்து, காயவைத்து, விரலால் கோதிக் கோதி ஒரு துரும்பு இல்லாமல் பார்த்த பிறகுதான் அதைப் பெயின்ட்டைத் தேய்க்கிற காம்பவுண்டுப் பசையில் தொடுவார். திருவேங்கடம் ரோட்டில் போய்வந்த வண்டி என்றால் கரிசல் புழுதி போக இரண்டு தடவை கழுவுவார். கழுவிய பின் சிகரெட் பெட்டியின் மேல் இருக்கும் கண்ணாடித் தாளை விரலில் சுற்றிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பார். வெறும் விரலுக்குத் தெரியாத பொடி மண் அந்தத் தாளில் தட்டுப்படும் என்பார். கடைசியாகக் குனிந்து மோந்து பார்ப்பார். "இது என்ன மீன் குழம்பா அண்ணாச்சி, மோந்து பாக்குதிய?" என்று நான் கேலி செய்ததுண்டு. "எதைப் போட்டுக் கழுவுனோம்னு வண்டிக்காரன் சொல்ல மாட்டான் வே. வண்டி சொல்லிரும்" என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். "பாலீஷ்னா பூசுறதுன்னு எல்லாரும் நெனைக்கான். மெழுகுதான் பூசுறது. அதுக்கு முன்னால நான் செய்யுறது பூரா உரிக்கிறது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் பெயின்ட்டு கொஞ்சம் போகும்." அதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. பளபளப்பு வந்தால் சரி என்று இருந்தோம்.

நம் ஸ்டாண்டின் ஆயுத பூஜை வழக்கத்தைத்தான் அவரால் பொறுக்க முடியாது. தன் வண்டிக்குத் தானே பொட்டு வைக்கக் கூடாது, பக்கத்து வண்டிக்காரன்தான் வைக்க வேண்டும். வைத்த பொட்டைக் கழுவவும் கூடாது, அதுவாக உதிர வேண்டும். அடுத்தவன் வண்டிதானே என்று சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து அப்புவோம். அண்ணாச்சி வேதக்காரர், கிறிஸ்தவர். பூஜை முடியும் வரை வேப்பமரத்தடியில் நிற்பார். பொரிகடலையை வாங்கிச் சந்தோஷமாகத் தின்பார். தின்று முடித்ததும் ஆரம்பித்துவிடுவார். "கண்ணாடியில வையுங்க, டயர்ல வையுங்க. பேனட்ல வைக்காதீங்கடே. குங்குமச் சாயம் பெயின்ட்டுக்குள்ள எறங்கிட்டா அப்புறம் நான்தான் கெடந்து தேய்க்கணும்" என்பார். "தேய்க்கத்தானே நீங்க இருக்கிய?" என்று யாராவது சொல்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஆயுத பூஜைக்கு என் வண்டிக்குப் பொட்டு வைத்தவன் இதே மாரியப்பன். பேனட்டிலும் முன்கதவு இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தான். இடையில் ஒரு தூறல், பிறகு நல்ல வெயில். பத்து நாள் கழித்துப் பொட்டு உதிர்ந்தபோது கிரீம் கலர் பெயின்ட்டில் அங்கங்கே செக்கச்செவேல் என்று வட்டம் நின்றது. அடுத்த வாரம் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு வண்டி போக வேண்டும். அண்ணாச்சி ஷெட்டில் திங்கட்கிழமைக்கு முன்னால் இடம் இல்லை. எனக்கோ எதற்கும் பொறுமை கிடையாது. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "குத்துவெளக்கு எப்படிக் கறுத்துக் கெடந்தாலும் புளி போட்டா பளிச்சுன்னு வருதுல்லா? இதுவும் தகரம்தானே?" என்றாள். சரியாகத்தான் பட்டது. அரை உருண்டைப் புளி, சலித்த சாம்பல், தேங்காய் நார். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன். சிவப்புப் போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. மூன்று தடவை கழுவிவிட்டு, திங்கட்கிழமை ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கண்ணாடித் தாளைச் சுற்றித் தடவினார். குனிந்து மோந்தார். நிமிர்ந்து, "என்ன போட்டுத் தொடைச்சீரு?" என்று கேட்டார்.

"தண்ணிதான்" என்றேன்.

"வெறுந் தண்ணியா?"

"வெறுந் தண்ணிதான் அண்ணாச்சி. வெயில்ல மங்கிட்டு."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு நூல் வேஸ்டை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டால், பயம் ஒன்றும் இல்லை. விளக்குத் தேய்க்கிற மாதிரி காரைத் தேய்த்தேன் என்று தெரிந்தால் நீங்கள் எல்லோரும் ஒரு மாதம் சிரிப்பீர்கள் என்ற வெட்கம், அவ்வளவுதான்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அண்ணாச்சி கையில் நூலோடு அசையாமல் நிற்கிறார். பேனட்டின் நடு மேட்டில் ஒரு விரல் நீளத்துக்குப் பெயின்ட் போய், அடியில் அடிக்கிற பிரைமர் சிவப்பாகத் தெரிந்தது. நம் ஆட்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். அண்ணாச்சியிடமே கார் விடுகிற டாக்டர் ஐயாவின் டிரைவரும் இருந்தார். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், திட்டினேன். "கண்ணு தெரியலன்னா தொழிலை விட்டுட்டுப் போக வேண்டியதுதானே! மனுசன் பொழப்புல மண்ணைப் போடுதீரே!" என்று கத்தினேன். "தப்பு எங்கிட்டதான். பாத்துத் தேய்ச்சிருக்கணும்" என்றார் அண்ணாச்சி. அவரே அந்த இடத்துக்குப் பெயின்ட் அடித்து, மறுநாள் வண்டியை ஒப்படைத்தார். உச்சி வெயிலில் உற்றுப் பார்த்தால்தான் லேசாக மஞ்சள் தட்டும்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். டாக்டர் ஐயாவின் கார் பாலீஷுக்குத் தென்காசிக்குப் போக ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். ஸ்டாண்டில் அவருக்குச் 'செவப்பு சாமுவேல்' என்று பேர் வைத்தோம். வண்டியை விடும்போதெல்லாம், "செவப்புத் தெரியாமத் தேய்ங்க அண்ணாச்சி" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். எந்த முகத்தோடு சொன்னேன் என்று இப்போது யோசித்தால் உடம்பு கூசுகிறது. சொன்னபோது கூசவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு என் வண்டிக்கு அவர் பாலீஷ் போடவே இல்லை. கேட்டால், "மழை முடியட்டும்" என்பார். மழை முடிந்து போனால், "தை கழியட்டும்" என்பார். தை கழிந்தால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம் வே" என்று அனுப்பிவிடுவார். கடையநல்லூர் இபுறாம் பாயின் கறுப்பு வண்டியோ, அதில் குனிந்து தலை சீவிக்கொள்ளலாம் போல் இருக்கும். வளைகுடாவுக்குப் போகிறவர்களை விமானத்துக்கு ஏற்றிப் போகிற வண்டி. அதற்கு வருஷத்தில் நாலு தடவை மெழுகு. என் வண்டிக்கு ஒன்றும் கிடையாது. மனிதர் கறுவிக்கொண்டு இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு ஆளிடம் போகவும் வீம்பு விடவில்லை. அவர்தான் போட வேண்டும் என்று நான் ஒரு பக்கம் கறுவிக்கொண்டேன்.

ஆனால் ஒரு நாள் மத்தியானம் டீக்கடைக்குள் இருந்து பார்த்தேன். ஸ்டாண்டில் ஆள் இல்லை. அண்ணாச்சி சைக்கிளில் வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் இறங்கினார். வேப்பமரத்துக் காக்காய்கள் பேனட்டில் எச்சம் போட்டு வைத்திருந்தன. வெயிலில் எச்சம் காய்ந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். தூக்குச்சட்டியில் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதன் மேல் மெதுவாக ஊற்றினார். ஊறும் வரை நின்றார். ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். திருடன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் கேட்டேன். "உம்ம வண்டியை நான் ஏன் தொடப் போறேன்?" என்றார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு வருஷம், என் வண்டியில் யாரும் உரசிவிடாதபடி பக்கத்தில் தன் சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு ஒரு பிற்பகல் முழுக்க நின்றார் என்று மாரியப்பன் சொன்னான். எனக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கோபம் இருக்கிறவன் செய்கிற வேலையா இது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டியே போக வேண்டும் என்று எனக்கு ஆசை. வீம்பை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். இபுறாம் பாயும் அங்கே இருந்தார்.

"அண்ணாச்சி, எம் மகளுக்காவ. ஒரே ஒரு தடவை" என்றேன்.

"உம்ம வண்டியில நான் கை வைக்க மாட்டேன் வே."

"ஏன்? நான் என்ன செஞ்சேன்?"

"நீரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லத்தானே வந்து நிக்கேன், மக கல்யாணம்னு!"

அவர் மெழுகு டப்பாவைத் திறந்துகொண்டு திரும்பிவிட்டார். மாப்பிள்ளை இபுறாம் பாயின் வண்டியில்தான் வந்தார். அண்ணாச்சி கல்யாணத்துக்கு வந்தார், பெண்ணை ஆசீர்வதித்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு பேச்சு நின்றுபோனது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஆறுதல் ஜெபத்துக்கு நாம் எல்லோரும் போயிருந்தோம். ஸ்டாண்டிலிருந்து யாராவது ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போதகர் சொன்னதும் நீங்கள் என்னைப் பிடித்துத் தள்ளினீர்கள். எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். "நல்ல மனுசர். நல்லா பாலீஷ் போடுவாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவருடைய மனைவி எஸ்தர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவுகளுக்கு எந்நேரமும் உங்க வண்டிப் பேச்சுதான். 'நாயகம் வண்டியில பெயின்ட்டு பேப்பர் கனம்தான் இருக்கு எஸ்தரு. இன்னொரு தேய்ப்புக்கு நிக்காது. நான் தேய்ச்சா வண்டி போயிரும், தேய்க்கலன்னா அவருக்கு எம் மேல கோவம் வரும். வந்தா வரட்டும், வண்டி நிக்கட்டும்'னு சொல்லுவாக" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. கோபம் இல்லை, என் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போடாமல் இருந்ததுதான் அவர் போட்ட பாலீஷ் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வாசலில் இபுறாம் பாய் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் இதைச் சொன்னேன்.

"அக்காட்ட அப்படிச் சொல்லியிருப்பாரு. அதுவும் நெசந்தான். எங்கிட்ட வேற ஒண்ணும் சொன்னாரு. அன்னைக்கு உம்ம வண்டியில புளி வாடை அடிச்சுதுன்னு."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சிருந்தா எதுக்குக் காம்பவுண்டு போட்டுத் தேய்ச்சாரு?" என்றேன்.

"நானும் இதத்தான் கேட்டேன். 'மூக்கு புளிங்குது, கூட்டாளி தண்ணிங்காரு. நான் கூட்டாளி சொன்னதத்தான் எடுத்துக்கிட்டேன் பாய்'னாரு. நீரா ஒரு நாள் வந்து சொல்லுவீருன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. உமக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. மௌத்தான பொறவும் சொல்லாம இருந்தா எனக்குத்தான் பாவம்."

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் நான் இப்போது நிற்கிறேன். அக்கா சொன்னதை வைத்துப் பார்த்தால் அவருக்குக் கோபமே இல்லை. பாய் சொன்னதை வைத்துப் பார்த்தால் பதினோரு வருஷம் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கோபம் இல்லாதவர் ஏன் "கை வைக்க மாட்டேன்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்? கோபம் இருந்தவர் ஏன் குடிக்கிற தண்ணீரைக் காக்காய் எச்சத்தில் ஊற்றினார்? நான் சொல்ல வேண்டும் என்று இருந்தவர் ஏன் என்னிடம் நேராகக் கேட்கவில்லை? அன்றைக்கு ஒரு தடவை கேட்டாரே, அது போதும் என்று நினைத்தாரா? ஒரே மனிதருக்குள் இரண்டும் இருக்க முடியுமா? என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நான் சொன்ன புளியால வந்த வினைதானே" என்று அவள் அழுதாள். "புளி நீ சொன்னது. தண்ணி நான் சொன்னதுட்டி" என்றேன்.

நேற்று ராஜபாளையம் ரோட்டில் வரும்போது ஷெட் முன்னால் வண்டி தானாக நின்றது. பூட்டுத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். "இப்பவாவது சொன்னீரே வே" என்று சிரித்திருப்பாரோ? இல்லை, பேசாமல் மறுபடியும் மெழுகு டப்பாவைத் திறந்திருப்பாரோ? இரண்டும் அவர் முகத்துக்குப் பொருந்துகிறது.

அதனால் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லாமல் விட்டதை, அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் இங்கே எழுதுகிறேன். டாக்டர் ஐயாவின் வீட்டிலும் யாராவது படித்துக் காட்டுங்கள். அன்றைக்கு என் பேனட்டில் சிவப்புத் தெரிந்ததற்குச் சாமுவேல் அண்ணாச்சியின் கை காரணம் இல்லை. புளியும் சாம்பலும் போட்டுப் பெயின்ட்டைத் தின்று வைத்தவன் நான். கேட்டபோது மறைத்தவனும் நான். அந்தப் பட்டப்பேரை இனி யாரும் சொல்ல வேண்டாம். அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டால், எனக்காக அவர் வாங்கிக்கொண்ட பழியை வைத்துக்கொள்கிறேன். பதினோரு வருஷம் அவர் பேரில் இருந்துவிட்டது. இனிமேல் அது இந்தக் கோமதிநாயகம் பேரில் இருக்கட்டும்.